இன்றியமையாமையும் தவிர்க்க முடியாமையும்: உயிர்களின் உறுப்புகளைக் கிரேக்கர் விளக்கிய விதம்

“இயற்கை எதையும் வீணாகச் செய்வதில்லை” என்று அரிஸ்டாட்டில் எழுதியிருப்பதால், ஒவ்வோர் உறுப்பையும் யாரோ திட்டமிட்டுப் படைத்ததாக அவர் நம்பினாரா என்பது இங்கே நான் விடை தேடும் கேள்வியின் முதற்பகுதி. மழை பெய்வதைப் போல உயிர்களின் உறுப்புகளும் வேறு வழியின்றித் தாமாக உண்டானவை என்று பண்டைய கிரேக்கர் எவரும் சொல்லவில்லையா என்பது இரண்டாம் பகுதி. முதற்பகுதிக்கு விடை, அவர் அப்படி நம்பவில்லை என்பது. இரண்டாவதற்கு விடை, சொன்னார்கள், மிகத் தெளிவாகவே சொன்னார்கள் என்பது. ஆயினும் இந்த இரண்டு வரி விடையோடு நிறுத்தினால், நோக்கம் ஒரு கட்சி, கட்டாயம் அதன் எதிர்க்கட்சி, கிரேக்கர்கள் இரண்டில் ஒன்றில் சேர்ந்துகொண்டு வாதிட்டார்கள் என்ற எண்ணமே மிஞ்சும். மூல நூல்களைப் படிக்கும்போது அந்த எண்ணம் நிலைப்பதில்லை. நோக்கத்தை அதிகம் வலியுறுத்திய அரிஸ்டாட்டிலே, விலங்குகளைப் பற்றிய தம் நூல்களில், ‘கட்டாயத்தால்’ என்ற சொல்லைப் பக்கத்துக்குப் பக்கம் பயன்படுத்துகிறார். அந்தச் சொல்லுக்கு அங்கே என்ன பொருள் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

கிரேக்கத்தில் ‘அனாங்கே’ என்ற ஒரே சொல் இரண்டு வெவ்வேறு கருத்துகளைச் சுமக்கிறது. தமிழில் நமக்கு அவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. பானையை அடுப்பில் ஏற்றினால் நீர் ஆவியாகித்தான் தீரும். இது தவிர்க்க முடியாமை. வீடு கட்ட வேண்டுமானால் சுவரைத் தாங்கும் அடித்தளம் வேண்டும்; இது இன்றியமையாமை, அதாவது அது இன்றி இது அமையாது. முதலாவதில் பொருளின் இயல்பு பின்னாலிருந்து தள்ளுகிறது. இரண்டாவதில் அடைய வேண்டிய முடிவு முன்னாலிருந்து ஒன்றைக் கேட்கிறது. கிரேக்க உரையாசிரியர்கள் வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்த இந்த வேறுபாடு நம் மொழியில் சொல்லிலேயே இருப்பதால், இந்த விவாதத்தைத் தமிழில் எடுத்துரைப்பது ஒரு வகையில் எளிது என்றே கருதுகிறேன்.

சிசிலித் தீவின் அக்ராகஸ் நகரத்தைச் சேர்ந்த எம்பெடோக்கிளீஸ் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எழுதிய கவிதையில், தொடக்கத்தில் கழுத்தில்லா முகங்களும், தோளில்லாக் கைகளும், நெற்றியைத் தேடி அலைந்த கண்களும் தனித்தனியே திரிந்தன. பின்னர் அவை கிடைத்தபடி ஒட்டிக்கொண்டு, மனித முகமுடைய காளைகளும் காளைத் தலையுடைய மனிதர்களும் தோன்றின. பொருத்தமாக ஒட்டியவை பிழைத்தன, மற்றவை அழிந்தன. படிக்க விநோதமாக இருந்தாலும், இப்போது காணும் ஒழுங்கை விளக்க முன்கூட்டிய திட்டம் தேவையில்லை, பொருந்தாதவை மறைந்தாலே போதும் என்ற கருத்து இதில் இருக்கிறது. அதே கவிஞர்தான் எலும்பு என்பது எட்டுப் பங்கில் நான்கு பங்கு நெருப்பு கலந்த கலவை என்று விகிதம் சொன்னவரும் ஆவார். பொருள் எது என்பதோடு நில்லாமல் எந்த விகிதத்தில் சேர்ந்தது என்று சொல்ல வந்த இடத்தில், உண்மையே அவரைச் சரியான வழிக்கு இழுத்துச் சென்றுவிட்டது என்று அரிஸ்டாட்டில் சற்று ஏளனமாகவே குறிப்பிடுகிறார். அப்டேரா நகரத்து டெமோக்ரிடஸ் கவித்துவத்தை விட்டுவிட்டு, அணுக்களின் அசைவும் மோதலும் எல்லாவற்றுக்கும் போதும் என்றார். குழந்தைக்குப் பால் பற்கள் விழுவது ஏன் என்றால், பாலுறிஞ்சுவதால் அவை உரிய காலத்துக்கு முன்பே முளைத்துவிட்டதுதான் காரணம் என்பது அவர் விளக்கம். அதற்குமேல் ‘எதற்காக’ என்று அவர் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் ஏதென்ஸில் இருந்தார்கள். சாக்ரடீஸோடு பழகிய செனோஃபோன் பதிவு செய்த அவருடைய உரையாடல் ஒன்றில், இமைகள் கண்ணுக்குக் கதவுகள், இமை மயிர்கள் காற்றைத் தடுக்கும் திரை, புருவங்கள் நெற்றி வியர்வை கண்ணில் வழியாமல் காக்கும் இறவாரம், முன்பற்கள் வெட்டவும் கடைவாய்ப் பற்கள் அரைக்கவும் அமைந்தவை, இவையெல்லாம் அறிவும் அன்பும் உள்ள ஒரு கைவினைஞனின் வேலை என்ற வாதம் வருகிறது. பிளேட்டோவின் ‘ஃபீடோ’ நூலில் வரும் சாக்ரடீஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறார். தமக்கு முந்தைய தத்துவஞானி அனாக்சகோரஸ் எழுதிய நூலில் ‘மனமே எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துகிறது’ என்று இருப்பதாகக் கேட்டு ஆவலோடு வாங்கிப் படித்ததாகவும், உள்ளே காற்றும் நீரும் ஈதர் என்ற மேல்வானப் பொருளும் தவிர மனம் எங்கும் வேலை செய்யாததைக் கண்டு ஏமாந்ததாகவும் சொல்கிறார். கி.மு. 399-இல் மரண தண்டனைக்காகச் சிறையில் காத்திருக்கும் அவர், தாம் அங்கே உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் எலும்புகளும் அவற்றை இழுக்கும் தசைநாண்களும்தான் என்று ஒருவர் சொன்னால் எப்படியிருக்கும் என்று கேட்கிறார். அந்த எலும்பையும் நாணையும் மட்டும் விட்டிருந்தால் அவை எப்போதோ ஏதென்ஸுக்கு அண்டையிலுள்ள மெகாராவுக்கோ பியோஷியாவுக்கோ தப்பிப் போயிருக்கும். ஏதென்ஸின் தீர்ப்பை ஏற்று இருப்பதே நல்லது என்று அவர் எண்ணியதுதான் காரணம். ஆனால் எலும்பும் நாணும் இல்லாமல் அவர் உட்காரவும் முடியாது. காரணம் வேறு, அது இன்றிக் காரணம் காரணமாக இயங்க முடியாதது வேறு என்று அவர் பிரிக்கிறார். பிற்காலத்தில் அரிஸ்டாட்டில் விரித்தெழுதிய பிரிவினையின் விதை இங்கே இருக்கிறது.

பிளேட்டோ தம் முதுமையில் எழுதிய ‘டிமேயஸ்’ நூலில், உலகம் அறிவும் கட்டாயமும் சேர்ந்து பிறந்தது என்றும், அறிவு கட்டாயத்தை இணங்கவைத்துப் பெரும்பாலானவற்றை நல்லதை நோக்கித் திருப்பியது என்றும் சொல்கிறார். ‘இணங்கவைத்தது’ என்ற சொல் கவனிக்கத்தக்கது, ஏனென்றால் கட்டளையிட்டது என்று அவர் எழுதவில்லை. மனிதத் தலையைப் பற்றிய பகுதியில் இது நன்றாக விளங்கும். தடித்த எலும்பும் நிறைந்த சதையும் கூர்மையான புலனுணர்வோடு ஒத்துப்போகாதவை; அது பொருள்களின் இயல்பு. தலைக்குச் சதைப்பற்று மிகுந்திருந்தால் மனிதன் இன்று வாழ்வதைப்போல் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ நோயின்றி வாழ்ந்திருப்பான். படைத்தவர்கள் நீண்ட மந்தமான வாழ்வையும் குறுகிய கூர்மையான வாழ்வையும் எடைபோட்டு இரண்டாவதைத் தேர்ந்தார்கள். அதனால்தான் நம் தலை மெல்லிய எலும்பும் குறைந்த சதையுமாக, எளிதில் உடையக்கூடியதாக இருக்கிறது. ஆக, ‘டிமேயஸ்’ காட்டும் தெய்வக் கைவினைஞனும் கிடைத்த பொருளோடு பேரம் பேசித்தான் வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

இந்தப் பின்னணியோடுதான் அரிஸ்டாட்டிலைப் படிக்க வேண்டும். அவர் (கி.மு. 384–322) மருத்துவரின் மகன்; பிளேட்டோவின் கல்விக்கூடத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இருந்தவர்; பிளேட்டோவின் மறைவை ஒட்டி ஏதென்ஸை விட்டு வெளியேறி, ஆசியா மைனரின் கரையிலும் லெஸ்போஸ் தீவிலும் சில ஆண்டுகள் தங்கியவர். அத்தீவிலுள்ள பிர்ரா உப்பங்கழியின் மீன்களும் சிப்பிகளும் அவருடைய விலங்கு நூல்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன. இன்று எஞ்சியுள்ள அவர் எழுத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு விலங்குகளைப் பற்றியது. தத்துவ வகுப்புகளில் அவருடைய நான்கு காரணங்களை (ஒன்று எதனால் ஆனது, அதன் வடிவம் என்ன, அதை உண்டாக்கியது எது, அது எதற்காக) சிலையும் வெண்கலமும் வைத்துச் சொல்லித்தருவது வழக்கமாகிவிட்டது. மாட்டின் இரைப்பையை வைத்துச் சொல்லித்தந்தால் மாணவர்கள் விரைவில் புரிந்துகொள்வார்கள் என்பது என் எண்ணம்.

எதிர்த்தரப்பு வாதத்தை அதைச் சொன்னவர்களைவிட வலுவாக எடுத்துவைத்தவர் அரிஸ்டாட்டில்தான். ‘இயற்பியல்’ நூலின் இரண்டாம் பகுதியில் அவர் கேட்பது இது. மழை பயிர் வளர வேண்டும் என்பதற்காகப் பெய்வதில்லை; மேலே போன ஆவி குளிர்ந்தாக வேண்டும், குளிர்ந்தது நீராகிக் கீழே இறங்கியாக வேண்டும், பயிர் வளர்வது அதன் உடன்விளைவு. களத்தில் கிடக்கும் தானியம் மழையில் நனைந்து கெட்டால், அதைக் கெடுப்பதற்காக மழை பெய்தது என்று யாரும் சொல்வதில்லை. அப்படியானால் பற்களும் அப்படியே இருக்கக்கூடாதா? முன்பற்கள் கூர்மையாகவும் கடைவாய்ப் பற்கள் அகன்றும் முளைத்தது வெறும் கட்டாயத்தால். அவை வெட்டவும் அரைக்கவும் பயன்பட்டது தற்செயல். எங்கெல்லாம் எல்லா உறுப்புகளும் ஒரு நோக்கத்துக்காக அமைந்ததைப் போலத் தற்செயலாக அமைந்தனவோ, அந்த உயிர்கள் பிழைத்தன. எம்பெடோக்கிளீஸ் சொல்லும் மனித முகக் காளைகளைப் போன்ற மற்றவை அழிந்தன. டார்வின் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் பிற்காலப் பதிப்புகளில் இந்தப் பகுதியைக் குறிப்பிட்டு, இயற்கைத் தேர்வுக் கொள்கையின் நிழல் இதில் தெரிகிறது என்று எழுதினார். அது அரிஸ்டாட்டில் மறுப்பதற்காக எடுத்துவைத்த வாதம் என்பது அவருக்கு எட்டவில்லை, நிழல் எம்பெடோக்கிளீஸுடையது.

மறுப்பு என்ன? தற்செயலாக நிகழ்பவை எப்போதுமோ பெரும்பாலுமோ ஒரே மாதிரி நிகழ்வதில்லை. குழந்தை குழந்தையாக, தலைமுறை தலைமுறையாக, முன்பல் கூர்மையாகவும் பின்பல் அகன்றும் முளைக்கின்றன. எனவே இது தற்செயல் அன்று. தற்செயல் இல்லையென்றால் ஏதோ ஒன்றுக்காக. இந்த வாதத்தில் ஓட்டை உண்டு. ஒழுங்காக நிகழும் எல்லாம் ஏதோ ஒன்றுக்காக நிகழ்கிறது என்றால், குளிர்காலத்தில் மழை பெய்வதும் ஒழுங்காக நிகழ்வதுதானே, அதுவும் பயிருக்காகத்தான் என்றாகிவிடுமே என்று கேட்கலாம். மழையும் நோக்கத்தோடு பெய்வதாகவே அரிஸ்டாட்டில் கருதினார் என்று இன்றைய அறிஞர்களில் ஒரு சாரார் வாதிடுகிறார்கள்; தாவரங்கள் விலங்குகளுக்காக, விலங்குகள் மனிதர்களுக்காக என்று ‘அரசியல்’ நூலில் அவர் எழுதியிருப்பதை அதற்குத் துணையாகக் காட்டுகிறார்கள். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. மழையை அவர் விரிவாக விளக்கும் வானிலை நூலில் ஆவியும் குளிர்ச்சியும் உண்டே தவிர நோக்கம் இல்லை. விலங்கு நூல்களில் ஓர் உறுப்பு எப்போதும் அதை உடைய விலங்குக்காகவே இருக்கிறது, அதைத் தின்னும் விலங்குக்காக இல்லை. ‘இயற்பியல்’ வாதம் நொண்டுகிறது என்று ஒப்புக்கொண்டு, அவர் உண்மையில் விலங்குகளை விளக்கும் முறையிலிருந்து அவருடைய கருத்தைத் தேடுவதே நல்ல வழி.

அந்த முறையை ‘விலங்குகளின் உறுப்புகள்’ நூலின் முதல் அதிகாரமே காட்டிவிடுகிறது. முதுகெலும்பு துண்டு துண்டான கோவையாக இருப்பது ஏன் என்பதற்கு, கரு வயிற்றுக்குள் முறுக்கிக்கொண்டபோது அது உடைந்துவிட்டது என்று எம்பெடோக்கிளீஸ் விடை சொல்லியிருந்தார். அப்படி உடைவதற்கு ஏற்ற ஆற்றல் வித்திலேயே இருக்க வேண்டும், அந்த வித்தோ முன்பே முழுமையாக வளர்ந்த ஒரு மனிதனிடமிருந்து வந்தது, மனிதன் மனிதனைப் பெறுகிறான் என்று அரிஸ்டாட்டில் மறுக்கிறார். இன்ன வித்திலிருந்து இன்ன உயிர் என்று மாறாமல் வருவதால், வளர்ச்சியின் ஒவ்வொரு படியையும் அது சென்று சேரும் முழு உருவத்தைக் கொண்டே விளக்க வேண்டும் என்பது அவர் நிலை. உயிரினங்கள் ஒரு காலத்தில் தோன்றின என்று அவர் எண்ணாததால், முதன்முதலில் இந்த ஒழுங்கு எப்படி வந்தது என்ற எம்பெடோக்கிளீஸின் கேள்வி அவருக்கு எழவே இல்லை. அவருடைய அமைப்பின் உண்மையான பலவீனம் இதுதான். நோக்கத்தைப் பேசியது அன்று.

இனி, இன்றியமையாமை. மரம் அறுக்க ரம்பம் வேண்டும். அறுக்க வேண்டுமானால் அதற்குப் பற்கள் வேண்டும். அந்தப் பற்கள் மழுங்காமல் இருக்க வேண்டுமானால் அது இரும்பால் ஆனதாக இருந்தாக வேண்டும். இரும்பு இருப்பதால் ரம்பம் உண்டாகிவிடாது. ரம்பம் வேண்டுமானால் இரும்பின்றி அமையாது. உடலும் இப்படியே என்கிறார். இன்ன வகையில் வாழும் உயிர் இருக்க வேண்டுமானால் இன்ன உறுப்புகளும், அவற்றுக்கு இன்ன பொருள்களும் வேண்டும். ஆனால் இரும்பு வந்துவிட்டால் அதனுடன் துருவும் வந்துவிடுகிறது. துரு ரம்பத்துக்காக இல்லை, பொருளின் இயல்பு. இந்தத் துரு உவமை என்னுடையது, அவருடையது அன்று. ஆனால் அவருடைய விலங்கு நூல்கள் முழுவதும் இந்த இரண்டு கட்டாயங்களும் பின்னிப் பிணைந்து வருகின்றன. ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு விளக்கமும் ஒன்றையொன்று மறுக்காமல் பொருந்தலாம் என்பதற்கு அவரே வேறொரு நூலில் லாந்தர் விளக்கைக் காட்டுகிறார். ஒளி நுண்ணிய துகள்களால் ஆனதென்றால் அது விளக்குக் கூட்டின் பெரிய துளைகள் வழியே வெளியேறித்தான் தீரும். நாம் இருட்டில் தடுக்கி விழாமல் இருப்பதற்காகவும் அது வெளியேறுகிறது.

விலங்குகளில் இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு கொம்பு. உருவம் பெரிதான விலங்குகளின் உடலில் மண் தன்மையுள்ள கெட்டியான பொருள் தேவைக்கு மேல் சேர்கிறது. அது மேல்நோக்கிச் சென்று தேங்குவது தவிர்க்க முடியாத நிகழ்ச்சி. அங்கே அப்படிக் கிடைத்ததை இயற்கை தற்காப்புக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. சில விலங்குகளில் அது பற்களுக்கும் தந்தங்களுக்கும் செல்கிறது, சிலவற்றில் கொம்புக்குச் செல்கிறது. ஒரே சரக்கை இரண்டு இடத்தில் செலவிட முடியாது. ஆகவே கொம்புள்ள மாடு, ஆடு, மான் எதற்கும் மேல் தாடையில் முன்பற்கள் இல்லை. முன்பற்கள் இல்லாததால் தீனி வாயில் சரியாக அரைபடுவதில்லை. அரைபடாத தீனியை ஒரே இரைப்பை செரிக்க முடியாது. எனவே ஒன்றன்பின் ஒன்றாக நான்கு இரைப்பைகள், அவற்றில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் செல்லச் செல்ல உணவு பக்குவமடைகிறது. அந்த நான்குக்கும் கிரேக்கத்தில் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. இரண்டாவதன் பெயர் பெண்கள் கூந்தலை முடிந்துகொள்ளும் வலைத் துணியின் பெயர், மூன்றாவதன் பெயர் கடல் முள்ளெலியின் பெயர். கசாப்புக் கடையில் ஆட்டுக் குடலைச் சுத்தம் செய்பவர்களைப் பார்த்தவர்களுக்கு, தேன்கூடு போல் பின்னிய உட்சுவருடைய இரண்டாம் இரைப்பைக்கு வலையின் பெயர் ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி நோக்கத்தைச் சேர்ந்தது, எது கட்டாயத்தைச் சேர்ந்தது? பொருள் மிகுவது தவிர்க்க முடியாமை. அது கொம்பாவது நோக்கம். பல் குறைவது அதன் தவிர்க்க முடியாத விளைவு. பல இரைப்பைகள் அந்தக் குறையை ஈடுசெய்யும் நோக்கம். பல் இல்லாத நிலையில் அவை இன்றியமையாதவை. ஒன்றன் மேல் ஒன்றாக மாறி மாறி வருகின்றன. விதிவிலக்குகளையும் அவர் விட்டுவிடவில்லை. ஒட்டகத்துக்குக் கொம்பு இல்லை, ஆயினும் மேல் முன்பற்கள் இல்லை, இரைப்பைகள் பல. ஏனென்றால் அதன் தீனி முள்ளும் குச்சியும். மிகுந்த கெட்டிப் பொருள் அங்கே முள் குத்தாத கடினமான மேலண்ணத்துக்குச் செலவாகிவிட்டது. பெண் மானுக்குக் கொம்பு இல்லாவிட்டாலும் பல் குறைவு உண்டு, அது கொம்புள்ள இனத்தைச் சேர்ந்ததால். கொம்பே பயனற்றுப்போகும் அளவுக்குப் பெரிதாகிவிட்ட மான்களுக்கு இயற்கை வேகத்தை வேறு துணையாகக் கொடுத்திருக்கிறது என்கிறார். மண் தன்மைப் பொருள் மேலே ஏறுவதாகச் சொல்லும் உடலியல் இன்று செல்லாது. ஆனால் கொம்பு, முன்பல், இரைப்பை ஆகிய மூன்றும் சேர்ந்தே மாறுகின்றன என்று கண்டது கூர்ந்த கவனிப்பு. எதையோ நிரூபிக்க வேண்டும் என்ற முன்முடிவோடு இருப்பவருக்கு ஒட்டகம் கண்ணில் பட்டிருக்காது.

வயிற்றில் குடலின் முன்னே திரை போலத் தொங்கும் கொழுப்புச் சவ்வுக்கு அவர் தரும் விளக்கம் இன்னும் துல்லியமானது. உலர்ந்ததும் ஈரமானதும் கலந்த ஒன்றைச் சூடாக்கினால் அதன் மேற்பரப்பில் தோல் போன்ற படலம் உண்டாகித்தான் தீரும். பாலின் மேல் ஆடை படிவதை நினைத்துக்கொண்டால் போதும். சவ்வு உண்டானது அந்தக் கட்டாயத்தால். உண்டானதை இயற்கை உணவு நன்றாகச் செரிப்பதற்கு வேண்டிய வெப்பத்தைக் காக்கப் பயன்படுத்திக்கொள்கிறது. தலை மயிருக்கும் இதே இரட்டை விளக்கம்: மூளையின் ஈரமும் மண்டையோட்டின் பொருத்துவாய்களும் அங்கே மயிர் அடர்வதைத் தவிர்க்க முடியாததாக்குகின்றன, கடுங்குளிரிலிருந்தும் கடும் வெயிலிலிருந்தும் காப்பது அதன் பயன். அரிஸ்டாட்டில் பேசும் இயற்கையை, எதையும் எறியாமல் மீந்ததை வைத்து இன்னொரு கறி செய்யும் இல்லத்தரசிக்கு ஒப்பிடலாம். அவரே அதை நல்ல குடும்பத் தலைவனோடு ஒப்பிடுகிறார்.

மீந்தது எல்லாமே கறியாகிவிடுவதில்லை. ஈரலில் சேரும் பித்தத்துக்கு நோக்கம் எதுவும் இல்லை, அது கழிவு என்று அவர் தயக்கமின்றி எழுதுகிறார். இயற்கை சில நேரங்களில் கழிவுகளையும் பயன்படுத்திக்கொள்கிறது. அதற்காக எல்லாவற்றிலும் நோக்கத்தைத் தேடக்கூடாது. சில பொருள்கள் இன்ன தன்மையோடு இருக்கின்றன, அவற்றால் வேறு பல கட்டாயமாக விளைகின்றன, அவ்வளவுதான் என்கிறார். குதிரைக்கும் மானுக்கும் பித்தப்பையே இல்லை என்பதையும் அவர் கவனித்திருந்தார். ‘விலங்குகளின் பிறப்பு’ நூலின் கடைசிப் பகுதி முழுவதும் இத்தகைய செய்திகளுக்காகவே ஒதுக்கப்பட்டது. கண் இருப்பது ஒன்றுக்காக, கண் நீலமாக இருப்பது எதற்காகவும் இல்லை. கண்ணுள் இருக்கும் நீரின் அளவே நிறத்துக்குக் காரணம். பித்தம் செரிமானத்துக்கு உதவுகிறது என்று நாம் இன்று அறிவோம், ஆகவே அவர் தேர்ந்த எடுத்துக்காட்டு தவறு. ஆனால் ‘இயற்கை எதையும் வீணாகச் செய்வதில்லை’ என்ற வாக்கியத்தை மட்டும் அறிந்தவர்களுக்கு, அதை எழுதியவரே ஓர் உறுப்பின் சுரப்பை வீண் என்று எழுதியிருப்பது வியப்பாக இருக்கும்.

பால் பற்கள் விழும் செய்தியும் இதே பகுதியில்தான் வருகிறது. டெமோக்ரிடஸுக்கு அவர் சொல்லும் பதில், கட்டாயம் இல்லை என்பதன்று. தாடையின் முன்புறம் மெலிந்திருப்பதால் அங்குள்ள பற்கள் ஆட்டம் காண்பது கட்டாயம்தான். கூர்மை மழுங்கிய பற்களுக்குப் பதிலாகப் புதியவை வருவது உயிருக்கு நல்லது என்பதும் உண்மை. கட்டாயத்தை மட்டும் சொல்லி நிறுத்துவது, மகோதர நோயாளியின் வயிற்றிலிருந்து நீர் வடிந்ததற்குக் கத்தியே காரணம், நோயாளி நலமடைய வேண்டும் என்பது காரணமில்லை என்று சொல்வதற்கு ஒப்பு என்கிறார். மருத்துவரின் மகன் கையாளும் உவமை.

நோக்கத்தைத் தேடுவது எல்லாக் கேள்விக்கும் ஒரே விடையைத் தரும் சோம்பல் என்று நினைப்பவர்களுக்கு, தலையின் சதைப்பற்றைப் பற்றிய சர்ச்சை நல்ல மறுமொழி. பிளேட்டோவின் விளக்கத்தை அரிஸ்டாட்டில் பெயர் சொல்லாமல் எடுத்து மறுக்கிறார். தலை சதையின்றி இருப்பது புலனுணர்வு கூர்மையாக இருப்பதற்காக இல்லை, ஏனெனில் புலனுணர்வுக்கு மூளை காரணமே இல்லை; அதன் இருப்பிடம் இதயம். மூளையின் வேலை இதயத்தின் வெப்பத்தைத் தணிப்பது. சதை போர்த்தியிருந்தால் அந்த வேலை கெட்டிருக்கும். இருவரும் நோக்கத்தை நம்பியவர்கள், இருவரும் பார்த்தது ஒரே தலை, ஆனால் நோக்கம் வேறு. பிளேட்டோ சரியான பக்கத்தில் இருந்தார். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியாவில் ஹீரோஃபிலஸும் எராசிஸ்ட்ராட்டஸும் என்ற மருத்துவர்கள் உடல்களை அறுத்து நரம்புகளைத் தேடியபோது அவை மூளையிலிருந்து கிளம்புவது தெரிந்தது. ‘எதற்காக’ என்ற கேள்விக்கு வரும் விடையும் கத்தியின் முன் நின்று பிழைக்கவோ விழவோ செய்கிறது.

இப்போது படைத்தவன் உண்டா என்ற கேள்வியின் முதற்பகுதி. அரிஸ்டாட்டிலின் கடவுள் உலகத்தைச் செய்தவரும் அல்லர், உறுப்புகளைத் தேர்ந்தவரும் அல்லர். ‘இயற்கை கொடுக்கிறது’, ‘இயற்கை பயன்படுத்துகிறது’ என்று அவர் எழுதுவது பேச்சு வழக்கு. இயற்கை என்று அவர் சொல்வது அந்தந்த உயிருக்குள்ளேயே இருக்கும் வளர்ச்சியின் ஊற்று. சிலந்தி வலை பின்னுவதையும் தகைவிலான் குருவி கூடு கட்டுவதையும் பார்த்து இவற்றுக்குச் சிந்தனை உண்டா என்று சிலர் திகைக்கிறார்கள். சிந்தனையும் திட்டமும் இல்லாமலே நோக்கம் இருக்க முடியும் என்பதற்கு அவை சான்று என்கிறார். யோசிப்பவர் ஒருவர் கண்ணில் படவில்லை என்பதற்காக நோக்கம் இல்லை என்பது தவறு. தேர்ந்த கைத்தொழிலும் யோசித்துக்கொண்டு வேலை செய்வதில்லை. கப்பல் கட்டும் கலை மரத்துக்குள்ளேயே இருந்திருந்தால் மரம் தானே கப்பலாக வளர்ந்திருக்கும், இயற்கை அப்படிப்பட்டது. செனோஃபோனின் கைவினைஞனுக்கும் இதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது.

எது முதலில் என்ற கேள்வியில்தான் உண்மையான பிளவு இருந்தது. மனிதனுக்குக் கை இருப்பதால்தான் அவன் விலங்குகளில் அறிவு மிக்கவன் ஆனான் என்றார் அனாக்சகோரஸ். அறிவு மிக்கவன் என்பதால்தான் அவனுக்குக் கை கிடைத்தது என்று அரிஸ்டாட்டில் திருப்பிப்போட்டார். குழல் வாசிக்கத் தெரிந்தவனுக்குக் குழலைக் கொடுப்பதே முறை, குழல் வைத்திருப்பவனுக்கு வித்தையைக் கொடுப்பதன்று. அணுக்கொள்கையை ஏற்ற தத்துவஞானி எபிக்யூரஸின் (கி.மு. 341–270) வழிவந்தவர்கள் அதை மீண்டும் மறுபக்கம் திருப்பினார்கள். அவர்களுடைய வாதம் முழுமையாகக் கிடைப்பது, கி.மு. முதல் நூற்றாண்டில் லத்தீனில் பாடிய உரோமைக் கவிஞர் லுக்ரீஷியஸிடம். பார்ப்பதற்காகக் கண் உண்டாகவில்லை. கண் உண்டானபின் பார்வை பிறந்தது. பேச்சுக்கு நெடுங்காலம் முன்பே நாக்கு இருந்தது, ஒலி கேட்பதற்கு முன்பே காது இருந்தது. கேடயமும் படுக்கையும் கோப்பையும் வேறு வகை, ஏனென்றால் அடிபடாமல் ஒதுங்கும் தேவையும் களைப்பும் தாகமும் அவற்றுக்கு முன்பே இருந்தன. கைவினைப் பொருளிலிருந்து உடலுக்கு உவமை தாவும் இடத்தையே அவர் அறுத்துவிடுகிறார். ரம்பத்தையும் குழலையும் வைத்து வாதிட்டவருக்கு இதைவிடக் கடினமான எதிர்ப்பு அந்தக் காலத்தில் எழவில்லை.

உள்ளிருந்தே ஒரு கேள்வியும் எழுந்தது. லெஸ்போஸ் தீவுக்காரரும், அரிஸ்டாட்டிலுக்குப் பின் அவருடைய கல்விக்கூடத்தை நடத்தியவருமான தியோஃப்ராஸ்டஸ், எல்லாம் ஒன்றுக்காகவே, எதுவும் வீணில்லை என்பதற்கு ஓர் எல்லை வேண்டும் என்று ஒரு சிறு நூலில் எழுதினார். ஆணுக்கு முலைக்காம்பு எதற்கு? சில இடங்களில் மயிர் எதற்கு? மானுக்கு, சுமக்கவே தொல்லை தரும் அவ்வளவு பெரிய கொம்பு எதற்கு? எந்த எடுத்துக்காட்டும் எதிரியிடமிருந்து வந்ததில்லை என்பதுதான் இதில் சுவை. ஆசிரியரோடு கரையோரம் உயிர்களைப் பார்த்துப் பழகியவரிடமிருந்து வந்தது.

கடைசியாக கேலன். கி.பி. 129-இல் பெர்கமம் நகரில் பிறந்து உரோமில் புகழ் பெற்ற இந்த மருத்துவர், உறுப்புகளின் பயனைப் பற்றி 17 பகுதிகள் கொண்ட நூலை எழுதினார். திட்டமிட்ட கைவினைஞனை அரிஸ்டாட்டிலைவிட வெளிப்படையாக ஏற்றவர் அவர்தான். எனினும் இமை மயிரைப் பற்றிய இடத்தில் அவர் ஒரு கோடு கிழிக்கிறார். தலை மயிர் வளர்ந்துகொண்டே போகிறது, இமை மயிர் மட்டும் எப்போதும் ஒரே நீளத்தில் நேராக நிற்கிறது. சற்று நீண்டால் பார்வையை மறைக்கும், குறைந்தால் தூசியைத் தடுக்காது. அப்படி நிற்கும்படி படைத்தவன் அந்த மயிர்களுக்குக் கட்டளையிட்டானா? யூதர்களின் தீர்க்கதரிசி மோசேயின் போதனைப்படி கடவுள் விரும்பினால் போதும், பொருள் கீழ்ப்படியும். சாம்பலிலிருந்தும் குதிரையோ மாடோ செய்யலாம். பிளேட்டோவையும் மற்ற கிரேக்கர்களையும் பின்பற்றும் தம் நிலை அதுவன்று என்கிறார் கேலன். சில செயல்கள் இயற்கைக்கு முடியாதவை, கடவுள் அவற்றை முயல்வதே இல்லை. முடிபவற்றுள் சிறந்ததைத் தேர்கிறார். ஈர நிலத்தில் செடி ஓங்கி வளரும், கல் நிலத்தில் குறுகி நிற்கும். ஆகவே இமை மயிர் வளராமல் நிற்க வேண்டுமென்றால், விருப்பம் மட்டும் போதாது, அதை இமையின் ஓரத்திலுள்ள குருத்தெலும்பு போன்ற கெட்டிப் பொருளில் நட்டாக வேண்டும். மென்மையான சதையில் நட்டுவிட்டு நேராக நில் என்று ஆயிரம் முறை விரும்பியிருந்தால், அவர் சதுப்பு நிலத்தில் மதிலும் பாசறையும் எழுப்பும் திறமையற்ற படைத்தலைவனைவிட மோசமானவராகியிருப்பார் என்று கேலன் எழுதுகிறார்.